சீமைக் குளவிக்குப் படைத்த நெத்திலி

அடிக்காதீர்கள் தம்பி, அந்தப் பேப்பரைக் கீழே வையுங்கள். அது உங்களைத் தேடி வரவில்லை. மடியில் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருக்கிறீர்களே, அதைத் தேடி வந்திருக்கிறது. மூடுங்கள். ஆங், போய்விட்டது பாருங்கள். நம் ஊர்க் குளவி மரியாதை தெரிந்தது. இல்லை என்றால் இல்லை என்று போய்விடும். ஆஸ்திரேலியாக் குளவியிடம் இந்தப் பாச்சா பலிக்காது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? இந்த வேட்டியும் துண்டும் ஆஸ்திரேலியாவுக்குப் போகாதா? போய் வந்தது தம்பி. டிரைவர் டீ குடிக்க இறங்கியிருக்கிறான், வண்டி இப்போதைக்கு நகராது. ஆயுசு பூராவும் கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன், அந்த டீ ஆறவே ஆறாது. கேளுங்கள்.

என் மனைவி பெயர் சண்முகத்தாய். போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அழவில்லை. எதற்கு அழ வேண்டும்? பஸ்ஸில் நான் விசில் ஊதியதைவிட வீட்டில் அவள் என்னை ஊதியது அதிகம். காது இரண்டும் ஓய்ந்தது என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. ரேடியோவை மட்டும் பகலிலும் ராத்திரியிலும் போட்டு வைத்திருப்பேன். அது பாட்டுக் கேட்கிற ஆசை, வேறொன்றுமில்லை.

மகள் பிரம்மசக்திக்கு அது பொறுக்கவில்லை. பிரமு என்று கூப்பிடுவோம். மெல்பர்னில் பெரிய வேலை. வந்தாள், பெட்டியைக் கட்டினாள், என்னையும் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை பெயர் அருஞ்சுனை. எங்கள் அய்யனார் பெயர் தம்பி, அதை அந்த ஊர்க்காரர்கள் தேய்த்துத் தேய்த்து ‘சன்னி’ என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். அவரும் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறார். நான் வந்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வாயடைத்துப்போய் ஒரு வாரம் என்னிடம் பேசவே இல்லை.

அந்த நாட்டுக்காரனுக்கு வெளியூர்ச் சாமான் என்றால் உயிர் போகும். விதை கூடாது, ஊறுகாய் கூடாது, செருப்பில் மண் ஒட்டியிருந்தாலும் கூடாது. நான் ஒரு பெட்டி நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டு போனேன். ஏர்போர்ட்டில் மோப்ப நாய் வந்து ஒரு முகர் முகர்ந்தது பாருங்கள், அப்படியே நாலு காலையும் நீட்டி மயங்கி விழுந்துவிட்டது. ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘போய்த் தொலை’ என்று கையைக் காட்டிவிட்டார். சிரிக்காதீர்கள், சத்தியம். மாப்பிள்ளை வேறு மாதிரிச் சொல்வார். பெட்டியோடு பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள், பிறகு சமைத்ததெல்லாம் அங்கே இருக்கிற இலங்கைக்காரர் கடையில் வாங்கியதுதான் என்பார். அவர் பேச்சை விடுங்கள்.

பங்குனியில் சண்முகத்தாய்க்குத் தலைத் திவசம் வந்தது. திவசத்துக்குக் கருவாடா என்று கேட்காதீர்கள், எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் படைப்போம். அவளுக்கு நெத்திலி வறுவல் என்றால் உயிர். நானே வறுத்தேன். அவள் இருந்தவரை நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. செத்த பிறகு நினைவிலிருந்தே வறுத்தேன், எண்ணெய் காய்கிற சத்தத்தைக்கூட அவள் திட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் கணக்குப் பண்ணினேன். வாழையிலைக்கு அந்த ஊரில் எங்கே போக? ஈயத்தாளை விரித்துப் பின்பக்கத்துப் புல்வெளியில் சோறு, குழம்பு, நெத்திலி எல்லாம் வைத்து, ‘கா கா’ என்று கூப்பிட்டேன்.

காக்கா அங்கேயும் உண்டு. ஆனால் அது கரைகிறது பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும். மதிலில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது. இறங்கி வரவில்லை. அதற்குத் தமிழ் தெரியாது, பாவம். காக்கா எடுக்காமல் வீட்டில் யாரும் வாய் வைக்கக் கூடாது இல்லையா? வெயில் ஏறுகிறது. மாப்பிள்ளை வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

“மாமா, ஒரு கல்லை எடுத்து அதை இந்தப் பக்கம் விரட்டட்டுமா?”

“காக்காயைக் கல்லெறிஞ்சு சாப்பிடக் கூப்பிடுத வழக்கம் உங்க வீட்டுல உண்டோ மாப்பிள?”

அப்போதுதான் வந்தது தம்பி, ஒரு குளவி. மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. நேரே நெத்திலி மேல் இறங்கியது. சோற்றைத் தொடவில்லை, குழம்பைத் தொடவில்லை. வாயாலேயே கத்தரி போட்டு ஒரு துண்டு வெட்டியது. முன்காலில் வைத்து உருட்டி உருண்டையாக்கியது. அங்கேயே உட்கார்ந்து தின்றதா? இல்லை. அதுதான் எனக்குப் பொறி தட்டியது. உருண்டையைத் தூக்கிக்கொண்டு எழும்பி, என் காதோரமாக ‘ஞொய்’ என்று ஒரு சுற்றுச் சுற்றி, வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

சண்முகத்தாய் எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியில் வைத்த வடையைத் தின்றதில்லை. ஒரு துண்டு இலையைக் கிழித்து அதில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வாள். வீட்டில் பிரமு இருக்கிறாளே. போகிற போக்கில் ஆம்பிளைகள் பந்திக்கு வந்து என் காதில் நாலு வார்த்தை ஏசிவிட்டுத்தான் போவாள்.

“எல்லாரும் சாப்பிடுங்க. வந்துட்டா” என்றேன்.

“யாருப்பா?” என்றாள் பிரமு.

“உங்கம்மா.”

மாப்பிள்ளை கையில் தட்டோடு நின்றார். “மாமா, அது யூரோப்பியன் வாஸ்ப்.”

“அதான் கொஞ்சம் நிறம் கூடிருக்கா.”

பிரமு சிரித்தாள். அம்மா செத்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் அது மறுபடியும் வந்து அதே இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை சோறு கிடைத்த இடத்தைக் குளவி மறக்காது. வெறும் தரையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நான் என்ன செய்ய? மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு, கருவிகள் போட்டு வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஈயத்தாள் விரித்து நெத்திலி வைத்தேன். அதற்கடுத்த நாளும் வைத்தேன். செத்தும் விடவில்லை தம்பி அந்தப் பொம்பளை! நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பற்றி நாலு குறை சொல்லுவேன். அது காதுப் பக்கம் வந்து மறுபேச்சுப் பேசும். உயிரை வாங்கும். காலையில் கண் விழித்ததும் ஐயோ அவளுக்கு வறுக்கணுமே என்று எழுந்து ஓடுவேன். அவ்வளவு தொல்லை.

தனியாக வந்தாளா? அவள் என்றைக்குத் தனியாக வந்திருக்கிறாள்? முதலில் தங்கச்சி, பிறகு சித்தி, பிறகு சித்தி வகையில் யாரோ. பத்து நாளில் அவள் ஊரே வந்து இறங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் என் வீட்டில் நடந்தது அப்படியே அங்கேயும் நடந்தது. ஒன்று முழு நெத்திலியைத் தூக்கிக்கொண்டு, கனம் தாங்காமல் ஏரோப்ளேன் மாதிரித் தரையிலேயே ஓடி ஓடி எழும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கங்காரு அதைப் பார்த்துக் கைதட்டியது. சரி, கங்காருவை விடுங்கள். குளவி நிஜம்.

அன்றைக்கு அவர்களுக்கு லீவு நாள், அந்த நேரம் பார்த்துத்தான் பிரமு துணி காயப்போட வெளியே வந்தாள்.

கழுத்தில் கொட்டியது. நான் கொட்டகைக்குப் பின்னால் இருந்தேன். கத்தினாள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். வந்து பார்த்தால் உதடு வீங்கி, முகம் சிவந்து, மூச்சு விசில் மாதிரிக் கேட்கிறது. மாப்பிள்ளை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஊசி போட்டு, குழாய் வைத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சொன்னாள்: அடுத்த தடவை கொட்டினால் இதைவிட மோசமாகப் போகலாம், ஆம்புலன்ஸ் வருகிறவரை தாங்குமோ தாங்காதோ. பேனா மாதிரி ஒரு ஊசியைக் கொடுத்து எந்நேரமும் கையிலேயே வைத்திருக்கச் சொன்னாள். வீட்டு ஜன்னலைத் திறக்கக் கூடாது என்றாள்.

நான் மகளுக்குத் தைரியம் சொல்வதற்காக, “அம்மா மகளை அடிக்காமலா வளர்த்தா? அகப்பையால வாங்காத அடியா?” என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்து மயக்கம்.

பிறகு மாப்பிள்ளை ஓர் ஆளைக் கூட்டி வந்தார். டெரக் என்று பெயர். பூச்சி பிடிப்பதே தொழில், லைசென்ஸ் வைத்திருக்கிறான். சிவந்த முகம், அரைக்கால் சட்டை. வேலிக்குப் பின்னால் ஓடையோரம் பூராவும் முள்புதர், கூடு மண்ணுக்குள்ளே எங்கேயோ இருக்கிறது, உள்ளே போய்த் தேட முடியாது, அதனால் சாப்பாட்டில் மருந்து வைக்கலாம் என்றான். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்.

“இதுங்க இந்த நாட்டைச் சேர்ந்ததே இல்லையாம் மாமா. ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வந்து புகுந்திருக்கு. இங்க உள்ள பூச்சியைப் பூராத் தின்னுட்டு இடத்தைப் பிடிச்சுக்கிச்சாம்.”

“இவரு எந்த ஊருன்னு கேளுங்க.”

“இங்கதான் மாமா.”

“இவரு தாத்தா?”

மாப்பிள்ளை முழித்தார். கேட்டார். அயர்லாந்து என்றான் டெரக், சந்தோஷமாக.

“கப்பல்லயா வந்தாவ?” என்றேன். இதை மட்டும் மாப்பிள்ளை மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் ஆள் தொழில் தெரிந்தவன். ஒரு குளவியை அடித்து ஒன்றும் ஆகாது என்றான். வெளியே வருகிறதெல்லாம் கூலிக்காரிகள், அத்தனையும் பெண். ஆண் குளவிக்கு வேலை வெட்டி கிடையாது. இதைச் சொல்லிவிட்டு டெரக் என்னை ஏன் பார்த்தான் என்று தெரியவில்லை. வளர்ந்த குளவி கறியைத் தின்னாதாம். அதன் இடுப்புக்கு அது இறங்காது, இனிப்புத் தண்ணீர்தான் குடிக்கும். கறியெல்லாம் கூட்டிலே இருக்கிற பிள்ளைகளுக்கு. அதனால் முதலில் வெறும் கறி வைத்துப் பழக்க வேண்டும், கூட்டம் சேர்ந்ததும் மருந்துக் கறியை மாற்றி வைக்க வேண்டும். உடனே கொல்லாத மருந்து. தூக்கிக்கொண்டு போய் ஊட்டும், பிள்ளை சாகும், ராணி சாகும், ஊட்டினதும் சாகும். தேனீ கறியைத் தொடாது, அதனால் அதற்கு ஆபத்தில்லை.

ஓட்டை போட்ட சின்னப் பெட்டிகளில் கோழிக்கறி வைத்து வேலியில் தொங்கவிட்டான். ஒரு குளவி எட்டிப் பார்க்கவில்லை. மாட்டுக்கறி வைத்தான். பூனைக்கு வைக்கிற டப்பா மீனை வைத்தான். ம்ஹூம். டெரக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “பக்கத்துல எங்கேயோ இதைவிட ருசியான சாப்பாடு கிடைக்குது” என்றான். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி, பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. உயிரோடு இருந்தவரை என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவள், வெள்ளைக்காரன் வைத்த கோழியைத் தள்ளிவிட்டு என் நெத்திலிக்கு வருகிறாள் என்றால்?

எவ்வளவு நாள் மறைக்க முடியும்? கருவாட்டு வாசனை தானே காட்டிக் கொடுக்கும். ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், சமையலறை ஜன்னலுக்கு உள்ளே பிரமு நிற்கிறாள். கையில் அந்தப் பேனா ஊசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினாள்.

“எவ்வளவு நாளா நடக்குது இது?”

“எது?”

“யப்பா.”

“உங்கம்மாவுக்குக் கொஞ்சம் போல...”

“எனக்கு மூச்சு நின்னப்ப யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா? டாக்டரைக் கூப்பிடல, உங்க மாப்பிள்ளையைக் கூப்பிடல. அம்மான்னுதான் கூப்பிட்டேன். என்னைக் கொட்டினதே அவதான்னு நீங்க சொல்லுதீங்க.”

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஆயிரம் பதில் உண்டு. பஸ்ஸில் எத்தனை பேரை வாயடைத்தவன் நான். அந்த நேரம் பார்த்து ஒரு கொட்டாவி வந்துவிட்டது, அதனால்தான் பேசவில்லை.

“இந்த வீட்டுக் கொல்லையில என்னால ஒரு துணி காயப்போட முடியல. அம்மா இருந்தா என்ன செஞ்சிருப்பா, நீங்களே சொல்லுங்க” என்றாள். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

என்ன செய்திருப்பாள்? அவளுக்கென்று தட்டில் வைத்த நெத்திலியை எடுத்து மகள் வாயில் ஊட்டுகிறவள் என்ன செய்திருப்பாள்? உலக்கையை எடுத்துக்கொண்டு அந்த முள்புதருக்குள் அவளே இறங்கியிருப்பாள், அவ்வளவுதான்.

மறுநாள் நானே மாப்பிள்ளையிடம், டெரக்கைக் கூப்பிடுங்கள் என்றேன். விஷயத்தைச் சொன்னதும் டெரக் என்னைத் திட்டுவான் என்று பார்த்தால், அவன் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். அவனுக்கு வேண்டியது குளவி தின்கிற சாப்பாடு. நீங்கள் வறுத்துக் கொடுங்கள், மருந்தை நான்தான் கலக்க வேண்டும், நீங்கள் தொடக் கூடாது, அது சட்டம் என்றான். மிளகாய் போடாதீர்கள் என்றும் சொன்னான். நான் போட்டேன். மிளகாய் இல்லாமல் கொடுத்தால் அவள் தட்டையே தூக்கி எறிவாள், அவனுக்கு என்ன தெரியும்? வறுத்து இறக்கினதும் டெரக் ஒரு துண்டை வாயில் போட்டான். கண்ணும் மூக்கும் ஒழுக, தோட்டத்துக் குழாயில் வாயை வைத்தவன் கால் மணி நேரம் எடுக்கவில்லை. அந்த ஏரியாவுக்கே அன்று தண்ணீர் வரவில்லை.

முதலில் வெறும் நெத்திலியைப் பெட்டியில் வைத்துப் பழக்கினான். ஓட்டைக்கு ஓட்டை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு ஒரு காலை, கையுறை மாட்டி, மருந்தைப் பிசைந்து வைத்தான். எல்லாரும் வீட்டுக்குள்ளே போய்விடுங்கள் என்றான். பிரமு ஜன்னலுக்குள்ளே. மாப்பிள்ளை ஜன்னலுக்குள்ளே. நான் மட்டும் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது, அதனால்.

வந்தார்கள். தங்கச்சி வந்தாள், வெட்டினாள், உருட்டினாள், தூக்கிக்கொண்டு போனாள். போகட்டும், என் மோதிரத்தை அடகு வைத்தவள்தானே. சித்தி வந்தாள். போகட்டும். சித்தி வகை பூராவும் வந்தது. சந்தோஷமாக வழியனுப்பினேன்.

பிறகு அவள் வந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும், டெரக்கும் அதைத்தான் சொன்னான். ஆனால் நேரே பெட்டிக்குப் போகாமல் என் காதோரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறது எது?

துண்டை எடுத்து வீசினேன். “போ” என்றேன். சுற்றிவிட்டு மறுபடி வந்தது. ஓட்டையைக் கையால் பொத்தினேன். பக்கத்து ஓட்டைக்குப் போனது. அதையும் பொத்தினேன். “ஏளா, சொன்னாக் கேளு, இன்னைக்கு வேண்டாம். வீட்டுல வேற கறி இருக்கு, அதைத் தாரேன்” என்றேன். உள்ளே ஜன்னலில் மாப்பிள்ளை தட்டுகிறார், மாமா என்ன செய்யுதீங்க, கையை எடுங்க என்று. நான் எடுக்கவில்லை. டெரக் ஓடி வருகிறான்.

கொட்டினாள் தம்பி. இந்தா, இந்தக் கட்டைவிரலுக்குக் கீழே. நெருப்பு வைத்த மாதிரி இருந்தது, கையை உதறினேன். உதறின நேரத்தில் உள்ளே புகுந்து, இருக்கிறதிலேயே பெரிய துண்டாக வெட்டி, உருட்டி, பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு வேலிக்கு மேலே போய்விட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லி அவள் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

அதற்கு மறுநாள் காலையில் பெட்டியில் ஒன்றுமில்லை. அதற்கும் மறுநாள் ஒன்றுமில்லை. ஒரு ஈ கூட இல்லை. டெரக் வந்து பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மாப்பிள்ளை ஜன்னலெல்லாம் திறந்துவிட்டார். பிரமு ஒரு கூடைத் துணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். படியில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு இறங்கி வந்து ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். என் வேட்டியையும் போட்டாள்.

போட்டுவிட்டு என் பக்கம் வந்து கையைப் பார்த்தாள். சப்பாத்தி மாவு மாதிரி உப்பியிருந்தது. உள்ளே ஓடிப்போய் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“வையுங்கப்பா. வீக்கம் வத்திரும்.”

“வேண்டாம்.”

“வலிக்கலையா?”

“அதுபாட்டுக்கு இருக்கட்டும், உனக்கென்ன?” என்றேன்.

அவள் ஐஸைக் கையில் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீராகச் சொட்டித் தீர்கிறவரை உட்கார்ந்திருந்தாள். முள்புதர்ப் பக்கம் ஒரு சத்தமில்லை.

எனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி, அந்த நாட்டுக் குளவியைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்களே, எல்லாம் சும்மா. நம் ஊர்க் கடந்தைக் குளவி கொட்டினால் வீக்கம் ஒரு வாரத்துக்கு நிற்கும். இது இரண்டே நாளில் வற்றிப்போய்விட்டது. பாருங்கள், தடம்கூட இல்லை. நன்றாகப் பாருங்கள், இந்த விரலுக்குக் கீழே. ஏதாவது தெரிகிறதா?